நெல்லிக்கொல்லைக்கு ஒரு சாண் சாலை

புளியங்குப்பம்
10 ஜூலை

அண்ணனுக்கு,

மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். மணி அடித்ததும் துண்டித்துவிடுகிறாய். இங்கே பள்ளியின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டி மேல் ஏறி நின்று, என் அண்ணன் என்னைத் துண்டிப்பதைக் கேட்பதற்காகவா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? அதனால்தான் இந்தக் கடிதம். பஸ் கண்டக்டர் சுப்பிரமணியிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தானே, கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

உன் கோபம் டைகளுக்காக என்று தெரியும். ஆனால் நான் கேட்டது என்ன? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் ஜவ்வாது மலையை நிலப்படமாகச் செய்யப் போகிறார்கள். மேடு மேடாகவே, பள்ளம் பள்ளமாகவே, சுற்றி நடந்து பார்க்கிற அளவுக்குப் பெரிதாக. அவர்கள் ஊர்கள், ஓடைகள், பாதைகள் எல்லாம் அதில் இருக்கும். சமூக அறிவியல் பாடத்தில் இவர்கள் ஊர் எந்தப் பக்கத்திலும் இல்லை, அதனால்தான். அதற்குக் கொஞ்சம் சிமெண்டு, மணல், கம்பி வலை, பெயின்ட், ஒரு கொத்தனார் வேண்டும். இவ்வளவையும் எழுதி, தலைமையாசிரியர் சின்னதம்பி சாரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, நீ தலைவராக இருக்கிற மலைப்பள்ளி நன்கொடைக் குழுவுக்கு அனுப்பினேன்.

வந்தது என்ன? ஒரு டெம்போ நிறைய டை. இந்தப் பள்ளிச் சீருடையில் டையே கிடையாது. காட்டு வழியில் நடந்து வருகிற பிள்ளைகள் அதை முள்ளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்புறம் அந்தச் சுவர்க் கடிகாரம். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் குழு உறுப்பினர்களின் பெயர்கள். இப்போது பிள்ளைகளிடம் மணி என்ன என்று கேட்டால், "ராஜவேலு தாண்டி புருஷோத்தமன் ஆகப்போவுது டீச்சர்" என்கிறார்கள்.

கடிகாரத்தை வைத்துக்கொள்கிறேன். டைகளை அனுப்பிவிட்டேன். நீ ரோடு காண்ட்ராக்டர். உன் குடோனில் சிமெண்டு இல்லையா?

இளவரசி

ஒடுகத்தூர்
14 ஜூலை

இளவரசிக்கு,

போனில் பேசினால் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். காகிதத்திலாவது முடித்துக்கொள்கிறேன்.

அந்த டைகள் கடையில் விற்காமல் கிடந்த சரக்கு என்று எனக்கும் தெரியும். ஆனால் டெம்போ டிரைவர் நேராக ராஜவேலு அண்ணன் ஜவுளிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "டீச்சரம்மா வாணாம்னு திருப்பி அனுப்ச்சிட்டாங்க" என்று கத்தியிருக்கிறான். பஜாரே திரும்பிப் பார்த்திருக்கிறது. அவர் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்கொடை வாங்குவதென்றால் சும்மா இல்லை. கொடுக்கிற ஒவ்வொருவனையும் நான் தாங்க வேண்டும். ஒருவருக்கு மாலை, ஒருவருக்குப் போட்டோ, ஒருவருக்கு முதல் வரிசையில் நாற்காலி. நீ மலை மேல் உட்கார்ந்து தாள் எழுதுகிறாய். பஜாரில் நிற்கிறவன் நான்.

சிமெண்டு அனுப்புகிறேன். மணல், வலை, பெயின்ட் எல்லாம் வரும். கொத்தனார் கருப்பனும் வருவான். ஆனால் நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். முடிந்ததும் கலெக்டரை அழைத்துத் திறப்பு விழா. கலெக்டர் ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன்.

ராஜவேலு அண்ணன் ஒரு மலை உச்சிக்கு அவருடைய அப்பா பெயரை எழுதச் சொன்னார். அதெல்லாம் முடியாது என்றேன். "அதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு வேற கீதா?" என்று கேட்டார். நான் எந்த மாதிரி ஆட்களோடு மாரடிக்கிறேன் என்று இதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புருஷோத்தமன்

புளியங்குப்பம்
21 ஆகஸ்டு

அண்ணனுக்கு,

மனசாரச் சொல்கிறேன், நன்றி. எல்லாம் கேட்டபடியே வந்தது. கருப்பன் நல்ல கைக்காரர். பிள்ளைகளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, தான் தள்ளி நின்று திட்டுகிறார். அதுதான் சரியான முறை.

நீ வந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் ஊரை அவர்களே செய்தார்கள். பெற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சிமெண்டு காயாமலிருக்க நாளுக்கு ஓர் ஊர் என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். மேட்டுக்கு நிரப்பக் கல்லும் செம்மண்ணும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மதியம் சாமைச் சோறும் அவர்கள் பொறுப்பே. இவர்கள் பெயரையும் பலகையில் போடலாமா என்று கேட்டேன். பலகை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று கருப்பன் சொன்னார். அந்தப் பலகை மலையை விட உயரம், தெரியுமா?

பிள்ளைகள் அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஓடைக்கு நீலம், தார்ச்சாலைக்குக் கறுப்பு, மண்பாதைக்குப் பழுப்பு. யாரும் நடந்து பார்க்காத பாதையை யாரும் வரையக் கூடாது. அதற்காகச் சண்டை வேறு. நெல்லிக்கொல்லை நதியா, தன் ஊர்ப் பாதையில் மூன்று வளைவு போதாது என்று, காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு நான்காவது வளைவு போட்டாள்.

உன் குழுவுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். தொட்டி மேல் ஏறித்தான்.

இளவரசி

ஒடுகத்தூர்
24 ஆகஸ்டு

இளவரசிக்கு,

போட்டோ பார்த்தேன். நன்றாக இருக்கிறது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். கூட்டுரோட்டிலிருந்து நெல்லிக்கொல்லைக்குப் பழுப்பு அடித்திருக்கிறார்கள். அதைக் கறுப்பாக்கிவிடு. அங்கே தார்ச்சாலை போன வருஷமே முடிந்துவிட்டது. பிள்ளைகள் கவனிக்காமல் செய்திருப்பார்கள். கலெக்டருக்கு நாள் கேட்டிருக்கிறேன், அதற்குள் செய்துவிடு. ஒரு சாண் நீளம்தான். இதற்காக நீ எனக்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம்.

புருஷோத்தமன்

புளியங்குப்பம்
28 ஆகஸ்டு

அண்ணனுக்கு,

பதில் எழுதுகிறேன்.

நீ ஏதோ வேறு ஊரை நினைத்துக்கொண்டு சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை நெல்லிக்கொல்லைப் பிள்ளைகளோடு நானே நடந்து போனேன். கூட்டுரோட்டில் ஒரு பலகை நிற்கிறது. தார்ச்சாலைப் பணி நிறைவு என்று போட்டு, காண்ட்ராக்டர் பெயரும் எழுதியிருக்கிறது. உன் பெயர். பலகையைத் தாண்டினால் ஒரு ஜல்லிக் குவியல், அதன் மேல் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அதற்கப்புறம் மண்பாதை. நான்கு வளைவு, நதியா போட்டது சரி. பிறகு ஓடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கித்தான் ஏற வேண்டும். ஓடையைத் தாண்டி மறுபடியும் மண்.

நதியாவின் அம்மா கெங்கம்மாள் கடுங்காப்பி கொடுத்தார். கால் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார். கேட்டேன். போன பங்குனியில் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்தாராம்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணாங்க டீச்சர். ரோடு கீதுன்னு எங்களுக்குக் காட்டுது, வூட்டுலயே இருங்க, வண்டி வூட்டாண்ட வர்தும்மான்னாங்க. சரின்னு நாங்களும் குந்திகினு இருந்தோம். பொழுதே போயிடுச்சி. வண்டி கூட்டுரோட்டுல நின்னுகினு எங்களத் தேடிகினு இருந்துச்சாம். அப்பால தான் கம்புல போர்வையக் கட்டித் தூக்கினு போனாங்க. எலும்பு கோணலா கூடிப்போச்சி."

எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். ரோடு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் போனில் பேசியவர் படித்தவர், இருக்கிறது என்கிறார். ஒருவேளை வந்துவிடுமோ என்று காத்திருந்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது, பலகையில் யார் பெயர் என்று தெரியாது. நதியாவுக்குத் தெரியும். அவர் பேசி முடிக்கிற வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சாண் நீளம்தான் என்கிறாய். என்ன நடந்தது என்று நீயே சொல்லிவிடு.

இளவரசி

ஒடுகத்தூர்
2 செப்டம்பர்

இளவரசிக்கு,

நான் தின்றுவிட்டேன் என்றுதானே நினைக்கிறாய்? கேள்.

வேலை எடுத்தேன், ஜல்லி இறக்கினேன், ரோலரைக் கொண்டுபோனேன். காட்டு இலாகாக்காரர்கள் வந்து நிறுத்தினார்கள். மரம் இருக்கிறது, அனுமதி வேண்டும் என்றார்கள். ரோலர் அங்கே சும்மா நின்றது, வாடகை மட்டும் ஓடியது. மார்ச் வந்தது. செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும், முடிந்ததென்று எழுதிவிடலாம், அனுமதி வந்ததும் போட்டுக்கொள் என்று இன்ஜினியரே சொன்னார். எழுதினார்கள். பில் பாஸானது. வந்ததில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று உனக்கு வேண்டாம். நீ டீச்சராகவே இரு. பிறகு அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலை வந்தது. அந்தப் பக்கம் போக எனக்கு நேரம் இல்லை. இதுதான் நடந்தது.

இப்போது கலெக்டர் வந்து உன் படத்தைப் பார்த்து, இது ஏன் பழுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? கையெழுத்துப் போட்டவர்களை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். உள்ளே போகிறவன் நான். அம்மா உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அண்ணன ஜெயிலுக்கு அனுப்பவா இவ வாத்தியார் வேலைக்குப் போனா?" என்று கேட்டது. நான் சோறு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

கறுப்பு அடிக்க மனசு இல்லையென்றால் நெல்லிக்கொல்லையையே எடுத்துவிடு. மலையில் எத்தனையோ ஊர், ஒன்று இல்லையென்றால் யார் எண்ணப் போகிறார்கள்? அடுத்த வருஷம் உனக்கு ஆய்வகம் வேண்டும், நூலகம் வேண்டும். அதெல்லாம் குழு தர வேண்டுமா வேண்டாமா?

அந்த அம்மாள் கால் விஷயம் எனக்குத் தெரியாது.

புருஷோத்தமன்

புளியங்குப்பம்
12 செப்டம்பர்

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பள்ளி பூட்டியிருக்கும்போது கருப்பனை அனுப்பிக் கறுப்பு அடித்திருக்கிறாய். அடித்துவிட்டு, பாவம், வாட்ச்மேன் வீட்டில் உட்கார்ந்து, "எனுக்கு இன்னா தெரியும், மொதலாளி சொன்னாரு" என்று புலம்பிவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் முதலில் பார்த்தது ஆறாம் வகுப்புப் பொடிசுகள். "நெல்லிக்கொல்லைக்கு ரோடு வந்துருச்சிடோய்" என்று கத்திக்கொண்டு நதியாவிடம் ஓடினார்கள். அவள் பையைக்கூட இறக்காமல் வந்து பார்த்தாள். "நான் இப்பதானே அங்கேர்ந்து வர்றேன்?" என்றாள். அண்ணா, ஒரு நொடி அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படத்தின் மேல் அல்ல. தான் நடந்து வந்த வழியின் மேல். குனிந்து தன் காலைப் பார்த்தாள். சேறு இருந்தது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை.

மதியத்துக்குள் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து அதைச் சுரண்டிப் பழுப்பு அடித்துவிட்டது. நான் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. சின்னதம்பி சார் கையைப் பிசைந்துகொண்டு, "ஒரு சாண் பெயின்ட்டு தானேம்மா, விட்டுத் தொலைச்சா இன்னா?" என்றார். பிறகு அவரே போய்த் தின்னர் டப்பாவை எடுத்துவந்து பிள்ளைகளிடம் கொடுத்தார்.

இன்னொன்று. வனத்துறை அலுவலகத்துக்குப் போயிருந்தேன், ரேஞ்சரைப் பார்த்தேன். நெல்லிக்கொல்லைப் பாதைக்கு அனுமதி கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது குடுத்து வருஷமாவுதே மேடம். மரத்த வெட்டாம வளைச்சிப் போடணும், அவ்ளோதான். காண்ட்ராக்டர் தான் இந்தப் பக்கமே வரல" என்றார்.

இத்தனை நாள் காட்டு இலாகாவைக் காரணம் சொன்னாய். இனிமேல் யாரைச் சொல்லப் போகிறாய்? உன்னிடம் ரோலர் இருக்கிறது. ஜல்லி அங்கேயே கிடக்கிறது. கலெக்டர் வர இன்னும் நாள் இருக்கிறது. படத்தைக் கறுப்பாக்க ஆள் அனுப்புகிறவன், பாதையைக் கறுப்பாக்க ஆள் அனுப்பக் கூடாதா?

இளவரசி

ஒடுகத்தூர்
15 செப்டம்பர்

இளவரசிக்கு,

சொந்த அண்ணனைப் பற்றி ரேஞ்சரிடம் போய் விசாரித்திருக்கிறாய். சரி. ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வர வேண்டாம். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம், சுப்பிரமணியிடம் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

கலெக்டர் தேதி அக்டோபர் பதினெட்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. நான் தள்ளவில்லை. அவர்களே தள்ளினார்கள்.

புருஷோத்தமன்

புளியங்குப்பம்
6 அக்டோபர்

அண்ணனுக்கு,

நீ வாங்கமாட்டேன் என்றாய், அதனால் இதை உன் டிப்பர் டிரைவரிடமே கொடுக்கிறேன். அவர் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தொலைவில் ரோலர் சத்தம். வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. நானும் ஓடினேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. சாயந்திரம் நெல்லிக்கொல்லைப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். "உங்க அண்ணன் தான் டீச்சர் நின்னுகினு கீறாரு. ரொம்பக் கத்துறாரு" என்றார்கள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, குடை பிடிக்க வந்தவனையும் திட்டித் துரத்திவிட்டாயாம். எந்த இடத்தில் வளைத்தால் மரம் தப்பும் என்று பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் சொன்னதற்கு எதிராகப் போட்டு, ரோலர் சறுக்கியதும் அவர்கள் சொன்ன இடத்திலேயே போட்டாயாம். கெங்கம்மாள் கொடுத்த சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாம். யார் என்று சொல்லவில்லையாம்.

பள்ளி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு நாள் வந்து எட்டிப்பார்த்தால் உன் கௌரவம் என்ன குறைந்துவிடும்? உன்னோடு பேசுவதற்கு நான் டிப்பர் டிரைவரைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கத்தோடு ரோலர் நின்றுவிட்டது என்கிறார்கள். அந்தப் பக்கம்?

இளவரசி

ஒடுகத்தூர்
9 அக்டோபர்

இளவரசிக்கு,

அந்தப் பக்கம் கிடையாது. ஓடைக்குச் சிறுபாலம் வேண்டும். அது திட்டத்திலேயே இல்லை. போட்டவன் ஆபீசில் உட்கார்ந்து போட்டிருக்கிறான், ஓடையைப் பார்த்ததே இல்லை. பாலம் இல்லாமல் ரோலரை எப்படி இறக்குவது? என் தலை மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு போகட்டுமா? ஓடை வரைக்கும் தார் போட்டாகிவிட்டது. என் கைக்காசு, என் ஆட்கள். சொந்த வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு நேரம் நின்று வேலை வாங்கியதில்லை. மழை வந்தால் வந்து பார், ஒரு சொட்டு தேங்காது.

இப்போதாவது முழுவதும் கறுப்பு அடித்துவிடு. மீதி கொஞ்சம்தான். உன் படத்தில் என் சுண்டுவிரல் அளவுகூட வராது. பாலம் வந்ததும் அதையும் போட்டுவிடுவேன், சத்தியமாகப் போடுவேன். இதுவரைக்கும் செய்தவனுக்கு இந்தச் சுண்டுவிரலை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

விழாவுக்கு நான் வரமாட்டேன். அன்றைக்கு எனக்கு வேலூரில் வேலை இருக்கிறது.

புருஷோத்தமன்

புளியங்குப்பம்
19 அக்டோபர்

அண்ணனுக்கு,

உனக்கு வேலூரில் ஒரு வேலையும் இல்லை என்று அம்மா போனில் சொல்லிவிட்டது. காலையிலிருந்து போனை அணைத்துவிட்டு அறைக்குள் படுத்திருந்தாயாம். அதனால் நடந்ததை நானே சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் யோசிக்காமல் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டேன். எங்கே வரைக்கும் கறுப்பு அடிக்கலாம் என்று மட்டும்தான் கேட்டேன். எல்லோரும் போய் உன் தார்ச்சாலையில் நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள். ஓடை வரைக்கும் அடித்தார்கள். மிகவும் அழகாக, இரண்டு பூச்சு. ஓடைக்கு அப்பால் பழுப்பு.

கலெக்டர் வந்தார். ராஜவேலு அண்ணன் பேசினார், அவருக்கு அடுத்தவர் பேசினார், அவருக்கும் அடுத்தவர் பேசினார். பிள்ளைகள் வெயிலில் நெளிந்தார்கள். கலெக்டரே போதும் என்று எழுந்து படத்துக்கு வந்துவிட்டார். சுற்றி நடந்தார். நேராக அந்த இடத்தில்தான் நின்றார். "இது ஏன் பாதியில் நிற்கிறது?" என்று கேட்டார்.

இன்ஜினியர் முந்திக்கொண்டார். "பெயின்ட் பத்தலை போலிருக்கு சார்."

"பெயின்ட் கீது சார், ரோடுதான் இல்ல" என்றாள் நதியா.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. கலெக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓடை வரைக்கும் எப்போது போட்டார்கள் என்று இன்ஜினியரைக் கேட்டார். இன்ஜினியர் ஃபைலைப் புரட்டினார். அதற்குள் கெங்கம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்துவிட்டார்.

"இந்த மாசந்தான் சார் போட்டாங்க. ஒடுகத்தூர்க்காரரு ஒருத்தரு கூடவே நின்னு போட்டாரு. வாயி ஓயாது, ஆனா வேல சுத்தம். ஓடைக்குப் பாலம் கட்றது தான் என் கைல இல்லம்மான்னாரு. நீங்க சொன்னா கட்டிருவாரு சார். அவருக்கே குடுங்க."

உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஃபைலில் போன வருஷம். அவர் வாயில் இந்த மாசம். இன்ஜினியர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கலெக்டர் நேராகக் காரில் ஏறி, ஓடை வரைக்கும் உன் சாலையில் போனார். இறங்கி, பேன்ட்டை மடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, நெல்லிக்கொல்லை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினார். பாலத்துக்குத் திட்டம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார். பழைய பில் மேல் விசாரணைக்கும் சொல்லியிருக்கிறார். காண்ட்ராக்டர் யார் என்று என்னைத்தான் கேட்டார். என் அண்ணன் என்றேன்.

வேறு என்ன சொல்லட்டும்? நீ செய்ததற்கும் அழுகை வருகிறது, இத்தனை நாள் நீ வெயிலில் நின்றதற்கும் அழுகை வருகிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன். வர வேண்டாம் என்று சொல்லாதே, வருவேன்.

இளவரசி

ஒடுகத்தூர்
25 நவம்பர்

இளவரசிக்கு,

விசாரணைக்கு நீ வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தேதியில் போட்டாய் என்று கேட்டார்கள். இன்ஜினியர் எனக்கு எதிரே உட்கார்ந்து கண்ணைக் காட்டுகிறார். நான் என்ன சொல்வது? அந்த அம்மாள் ஊரறியச் சொல்லிவிட்டார், நீ என் அண்ணன் என்று சொல்லிவிட்டாய், ரோடு வேறு புத்தம்புதிதாகப் பளபளக்கிறது. இந்த அக்டோபரில்தான் போட்டேன் என்றேன். வெளியே வந்து உன்னைப் பார்க்காமல் போனது கோபத்தால் இல்லை. பேசினால் அந்த வாசலில் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன். அந்த அசிங்கம் வேறு எதற்கு?

முடிவு வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு அரசாங்க வேலை எடுக்கக் கூடாது. அபராதம் தனி. ஜெயில் இல்லை; அம்மாவிடம் நாலு முறை சொல்லியும் நம்பவில்லை, ஒரு போன் போட்டுச் சொல். இன்ஜினியர் சஸ்பெண்டு. குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள், இப்போது ராஜவேலு அண்ணன் தலைவர். ஆய்வகத்துக்கு எழுது, கொடுப்பார். ஆனால் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுப்பார். ஒவ்வொரு பொருளாகப் படம் வரைந்து அனுப்பு.

எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. சிறுபால வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? கலசப்பாக்கம் பார்த்திபனுக்கு. எனக்கு வயிறு எரிகிறது. அவன் கம்பியை இடைவெளி விட்டுக் கட்டுவான், சிமெண்டை மணலில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வான். முதல் வெள்ளத்துக்குப் பாலம் ஓடையோடு போய்விடும். நேற்று பஜாரில் பார்த்து, "ஒழுங்கா கட்டுடா, ஸ்கூல் பசங்க போற வழி" என்றேன். "நீ சொல்றியா?" என்று கேட்டுச் சிரித்தான்.

திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டுகிறான். முதல் பஸ்ஸில் வருகிறேன். நேராக ஓடைக்குப் போய்க் கரையில் உட்காரப் போகிறேன். அவன் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடிக்கிற வரைக்கும் தினமும் உட்காருவேன். என்னைப் போகச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை, ஓடை அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் என்னை இப்போதைக்குக் கூப்பிடாதே. மதியம் சோறு மட்டும் யார் கையிலாவது கொடுத்துவிடு. உன் கைக் காரம் என் வயிற்றுக்கு ஆகாது, குறைத்துப் போடு.

புருஷோத்தமன்